கடைசி ஆல்பத்தின் மூன்றாவது வரி

ஜெகதாப்பட்டினத்தில் பங்க் ராக் என்கிற ஆங்கிலக் கத்தல் பாட்டைக் கேட்டவர்கள் மொத்தமே இரண்டு பேர். ஒருவன் நான், ஐஸ் பிளாண்ட்டில் வேலை. இன்னொருவன் விசைப்படகில் கடலுக்குப் போகும் என் கூட்டாளி. எங்களுக்கு ஒரே ஒரு வெளிநாட்டுக் குழு. பாதி வார்த்தை புரியாது. அவர்களுடைய முதல் மூன்று ஆல்பங்களும் ஐஸ் உடைக்கிற மெஷின் மாதிரி இரையும். எனக்கு அதுதான் பாட்டு. வயசான பிறகு போட்டதையெல்லாம் நான் மதிக்கவே இல்லை. மெல்ல முனகுவதற்குப் பெயர் பங்க்கா? விலைபோய்விட்டார்கள் என்பேன்.

"கத்துறதுக்கும் ஒரு வயசு இருக்குல்ல மாப்ள. இப்பத்தான் பாடுறாய்ங்க" என்பான் அவன். இதற்காகவே நாள்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம்.

கரையைத் தாண்டினால் போனில் சிக்னல் இருக்காது. அதனால் மீன்துறை ஆபீஸில் அனுமதி டோக்கன் போட்டுக் கடலுக்குப் போகும் நாளுக்கு முன்பே அவனுடைய மெமரி கார்டில் நான் பாட்டு ஏற்றிக் கொடுப்பேன். அந்தத் தடவை கடைசி ஆல்பத்தையும் போடச் சொன்னான். தலையாட்டிவிட்டு, முதல் மூன்றை மட்டும் ஏற்றினேன். நடுக்கடலில் தேடிப் பார்த்துத் திட்டட்டும் என்று எனக்குள் ஒரே சிரிப்பு.

படகு திரும்பவில்லை. எல்லை தாண்டியதாகச் சொல்லி அக்கரையில் சிறைவைத்துவிட்டார்கள்.

மாதங்கள் கழித்து ஆள் மட்டும் வந்தான், பாதி உடம்பாக. என்னைப் பார்க்க பிளாண்ட்டுக்கு வந்தவன், மெஷின் ஓடத் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். பின்னாலேயே ஓடினேன்.

"உள்ள பாட்டுத்தான் மாப்ள தொணை. நீ ஏத்துனதெல்லாம் கத்திப் பாடணும். அங்கிட்டுக் கத்த முடியுமா? அந்தக் கடைசி ஆல்பம், ஒங்க வீட்ல ஒரு நா போட்டியே, அதுல மொதப் பாட்டு ரெண்டு வரி தெரியும். அதையேதான் வாய்க்குள்ள பாடிக்கிட்டுக் கெடந்தேன். கார்டுல இருந்திருந்தா போறப்பவே கேட்டு முழுசாப் பாடம் பண்ணிருப்பேன். நீ மறந்துட்ட போல. மூணாவது வரி எப்புடிடா வரும்?"

எனக்குத் தெரியாது. அன்றைக்கு இரண்டாவது வரியிலேயே, தேறாது என்று நிறுத்தியவன் நான்தான். அந்த ஆல்பத்தை முழுசாகக் கேட்காமலேதான் அவனோடு அத்தனை சண்டையும் போட்டிருக்கிறேன். அவமானமாக இருந்தது. போனில் தேடிப் போட்டேன். மூன்றாவது வரி வந்ததும் அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

அதைக் கார்டில் ஏற்ற நான் மறக்கவில்லை என்பதை இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.