வரவில்லை என்று எழுதச் சொன்னவர்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போங்கள். எனக்கொன்றும் நஷ்டமில்லை. இது என் கூடப்பிறந்த தங்கைக்கு நடந்தது. பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே கொட்டாவி விடுகிற ஜென்மம் அவள். இதை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். மூன்று தடவையும் ஒரு நிமிஷம்கூட முன்னே பின்னே மாறவில்லை.

கல்லூரிக் கடைசி வருஷத்தில், பெரிய ஆடிட் கம்பெனி ஒன்றுக்கு ஆறு மாதப் பயிற்சிக்குப் போனாள். பேர்தான் பயிற்சி. மாடாய் உழைத்தாள். வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுவாள், நான்தான் கழற்றிவிடுவேன். மேலதிகாரி கடைசியில் நல்லபடியாக ஓர் அறிக்கை எழுதினால் அங்கேயே நிரந்தர வேலை. அப்பா லாரி ஓட்டுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த வேலையைத்தான் வீடே மலைபோல் நம்பியிருந்தது. அந்த மேலதிகாரிக்கு இவள் வைத்த பெயர் 'நாளைக்கே'. எதைக் கேட்டாலும் நாளைக்கே வேண்டும் அந்த மனுஷனுக்கு.

ஐந்தாவது மாதக் கடைசியில் அவளை ஓர் அட்டைப்பெட்டி ஆலைக்கு அனுப்பினார்கள். சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா என்று பார்க்கிற வேலை. பட்டியலிலிருந்து நாற்பது பெயரை இவளே பொறுக்குவாள். ஒவ்வொருவராக வருவார்கள். முகத்தையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டு, 'நேரில் பார்த்தேன்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, நேரத்தை எழுத வேண்டும். ஒரே ஒருவர் வராவிட்டாலும் புதிதாக இன்னும் நாற்பது பேரைப் பார்த்தாக வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம்.

மாலை நாலரைக்கு முப்பத்தொன்பது முடிந்தது. அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மிச்சம் ஒரே ஆள். பழைய அட்டையை ஊறவைத்துக் கூழாக அரைக்கும் தொட்டியில் வேலை செய்பவர்.

"அவர் லீவும்மா," என்றாள் ஆலையின் ஆபீஸ் கிளார்க் அக்கா. "கார்டு காப்பி தர்றேன். அதைப் பார்த்து டிக் போட்டுடுங்களேன்."

"ஆளைப் பார்க்கணும்க்கா."

நாளைக்கேக்கு போன் போட்டாள். "ஒருத்தர் இல்லைன்னா இன்னும் நாப்பது, தெரியும்ல? நாளைக்கே எனக்கு ஃபைல் வேணும். உன் ரிப்போர்ட்டை எழுதப்போறது நான்தான், ஞாபகம் வெச்சுக்கோ." வைத்துவிட்டார்.

கிளார்க் அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி 4.50. "டீ வாங்கிட்டு வர்றேன்," என்று எழுந்தாள். கைப்பையை மேஜைமேலேயே விட்டுவிட்டு, ஓடாத குறையாகப் போனாள்.

4.52.

அன்றைக்கு முப்பத்தொன்பது தடவை கிறீச்சிட்ட கதவு... சத்தமே போடவில்லை.

நிமிர்ந்தால், மேஜைக்கு முன்னால் ஓர் ஆள். தலை நனைந்திருந்தது. மேஜைமேல் கிடந்த கார்டு காப்பியில் இருந்த அதே முகம். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

"லீவுன்னு சொன்னாங்களே அண்ணா?"

அவர் பட்டியலில் தன் பெயர்மேல் விரலை வைத்தார்.

"வரலைன்னு எழுதும்மா."

"என்னது?"

"வரலைன்னு எழுதும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அதான் வந்துட்டீங்களே. எனக்கு நிக்கவே தெம்பு இல்லை அண்ணா, விளையாடாதீங்க."

அப்போதுதான் கவனித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க இரைந்த இயந்திரம் கேட்கவில்லை. வேறொரு சத்தம்.

சொட்...

சொட்...

குனிந்து பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது.

"எழுதும்மா..."

இன்னும் நாற்பது பேர் என்று நினைத்தாள். டிக் போட்டாள். 4.54.

அவர் கோபப்படவில்லை. அந்த டிக்கையே பார்த்தார். "அப்ப இன்னும் முடியலையா," என்றார்.

நேரம் எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

யாரும் இல்லை.

கதவு சாத்தியபடியே இருந்தது. இயந்திரம் இரைந்தது. அவர் விரல் வைத்த இடத்தில் காகிதம் கூழாகி, தொட்டதும் கையோடு வந்தது.

5.05. கிளார்க் அக்கா வந்தாள். கையில் டீ இல்லை.

"வந்துட்டார்க்கா."

எப்போது, எந்தப் பக்கமாக என்று எதையும் அவள் கேட்கவில்லை. "டிக் போட்டுட்டீங்களா?"

"போட்டேன்."

"சரி... பஸ் போயிடும். கிளம்புங்க."

அறிக்கை பிரமாதமாக வந்தது. வேலையும் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினோம். எண்ணி இரண்டே மாதம்.

அந்த ஆலையில் வெல்டிங் வைத்து மூடியிருந்த பழைய கூழ்த் தொட்டியைப் பிரித்தார்கள். உள்ளே எலும்பு. கூடவே அவருடைய அடையாள அட்டை. தொட்டியை மூடிப் பதினோரு மாதம் ஆச்சு என்றார்கள் தொழிலாளிகள். இல்லை, போன மாதம்வரை அவர் வேலைக்கு வந்தார், அதற்குப் பிறகுதான் மூடினோம் என்றார் முதலாளி. சாட்சிக்குப் போலீசிடம் நீட்டியது என் தங்கையின் தாளை. ஆடிட் கம்பெனியே அவரை உயிரோடு பார்த்திருக்கிறதே!

மறுநாள் ஆபீஸ் வரவேற்பறையில் அவர் மனைவி காத்திருந்தாள். மாதாமாதம் சம்பளம் பேங்கில் விழுந்துகொண்டிருந்ததாம். அவர் தொட்டியில் விழுந்த விபத்து வெளியே தெரியாமலிருக்க முதலாளி போட்டது. புருஷன் எங்கேயோ இருக்கிறார், தன்னைத்தான் பிடிக்கவில்லை என்றே அவள் நினைத்திருந்தாள்.

"நீங்கதான் கடைசியா பார்த்தீங்களாமே. என் மேல கோவமா இருந்தாராம்மா? வீட்டுப் பக்கமே வரலையே."

போலீசுக்கு என்ன எழுதித் தருவது என்று கேட்க, என் தங்கை உள்ளே நாளைக்கேயிடம் போனாள்.

"பார்த்தேன்னே நில்லு," என்றார் நாளைக்கே. "பார்க்காம டிக் போட்டேன்னு எழுதினே, வேலை போச்சு. அப்புறம் எந்த ஆடிட் ஆபீஸும் உன்னை வாசப்படி ஏத்தாது."

பார்த்தது சத்தியம். ஆனாலும் அன்று சாயங்காலமே போலீசுக்கு எழுதிக் கொடுத்தாள். அந்த நபர் வரவில்லை. நான் பார்க்கவில்லை.

வேலை போனது. அவளை நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அவள் எழுதிக் கொடுத்த பிறகுதான் கிளார்க் அக்காவும் வாயைத் திறந்தாள். ஸ்டேஷன் வராந்தாவில் என் தங்கை கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்:

"அட்டெண்டன்ஸ் எழுதுறது நான்தாம்மா. அவர் செத்ததுக்கு அப்புறமும் வந்ததா எழுதச் சொன்னாங்க, எழுதினேன். மாசக் கடைசியில கணக்கை முடிக்கிறப்போ, நாலு அம்பத்திரண்டுக்கு வந்து நிப்பார். வரலைன்னு எழுதுக்கான்னு கெஞ்சுவார். எட்டு மாசம் தாங்கினேன். அன்னைக்கு என்னால முடியலை... அதான் உங்களை உட்கார வெச்சுட்டு எழுந்து போயிட்டேன்."