மேற்குச் சுவரில் ஒரு சன்னல்

குற்றாலம் போகும் சாலையோர மனையில் நிற்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். நான் வரைந்த முதல் வீடு இங்கே மண் கல்லில் மார்பளவு எழும்பியிருக்கிறது. மின்விசிறியே தேவைப்படாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்காகவே மேற்குச் சுவரில் சன்னல் வைக்கவில்லை. எங்கள் விருதுநகர்ப் பக்கம் மாலை வெயில் ஆறரை வரை வீட்டுக்குள் காயும்.

வீட்டின் சொந்தக்காரர் பேச்சியம்மாள், போலீஸ்காரர். சுவரைத் தட்டிக் காட்டுகிறார்.

“என்ன சார், இப்படி அடைச்சிட்டிய? லாக்கப்புக்கே நாங்க ஒரு சன்னல் வச்சிருக்கோம்லா!”

“மேற்கு வெயில் அடிக்குமேக்கா. பிளான்ல பாத்தீங்களே.”

“பிளான்ல வெறும் கோடால்லா கெடந்துச்சு. சுவரு எழும்பவும்தான் தெரியுது. செத்த நில்லுங்க.”

ஐந்தரைகூட ஆகவில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது. நிழல் மனை முழுக்கப் பரவுகிறது. அதே மலைப்பக்கமிருந்து சீசன் காற்று, சுவருக்கு மேலாகச் சாரலோடு என் முகத்தில் அடிக்கிறது. இந்தக் காற்றைத்தான் நான் வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

“குளிக்கிற தண்ணி போற வாழைக்குழியும் மேக்கதான் சார் தோண்டச் சொல்லிருக்காவ,” என்கிறார் கொத்தனார். “இந்தக் காத்துல ஒரு வாழை நிக்காது.”

“அதைக் கிழக்கே மாத்திருங்கண்ணாச்சி,” என்கிறேன். மூவருமே சிரித்துவிடுகிறோம்.

பிளானை விரித்து மேற்குச் சுவரில் ஒரு பெரிய சன்னலும், சாரலுக்கு நீண்ட இறவாரமும் வரையப் பார்க்கிறேன். காற்று வரைய விடவில்லை. பேச்சியம்மாள் ஒரு கல்லை எடுத்துவந்து காகிதத்தின் மேல் வைக்கிறார்.