இதழ் நுழையாத இரண்டு வால்வுகள்

"பணியில் அலட்சியமானவர், அவசரம் புரியாதவர், பொறுப்பேற்கத் தயங்குபவர்." ஆஸ்பத்திரி ஷெட் மெக்கானிக்கைப் பற்றிப் பணிநீக்க உத்தரவு இப்படிச் சொன்னது. பூட்டிய கதவைத் திரும்பி வந்து மூன்று முறை இழுத்துப் பார்க்கிற மனிதர் அவர். உத்தரவை உரக்கப் படித்த மனைவிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அழுதாள்.

ஆஸ்பத்திரிக்கு இருந்தது ஒரே ஆம்புலன்ஸ். ஓட்டுநர் மெக்கானிக்கின் தங்கை கணவர். போன மாதம் இஞ்சின் டக் டக்கென்று தட்டியதும், மெக்கானிக் லீவில் இருந்த நாளாகப் பார்த்து, வெளியே எங்கோ விட்டு, வால்வு இடைவெளியைக் குறைக்கிற டேப்பெட் திருகை இறுக்கிக்கொண்டு வந்துவிட்டார். சத்தம் நின்றது. எல்லாரும் மெச்சினார்கள், மெக்கானிக் மட்டும் மெச்சவில்லை. தட்டுகிற வால்வு காதைத்தான் குடையும். இடைவெளியே இல்லாத வால்வோ முனகாமல் கருகி, நடுவழியில் வண்டியைப் படுக்க வைத்துவிடும்.

லீவு முடிந்து வந்த அன்று காலையே வண்டியை ஷெட்டில் நிறுத்தச் சொன்னார். மதியம்வரை தொடவில்லை.

"என்ன மச்சான், இஞ்சினைத் தூங்க வைக்கிறியா? தாலாட்டு பாடட்டுமா?"

"ஆறட்டும் மாப்ளே. சூட்டுல அளந்தா அளவு பொய் சொல்லும்."

மதியம் இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு மூடியைக் கழற்றினார். இஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு வால்வுக்கும் இடைவெளி அளக்கும் பீலர் கேஜின் மெல்லிய இரும்பு இதழை நுழைத்துப் பார்த்தார். ஐந்து வால்வு தேறியது. ஆறாவதில் இதழ் நுழையவில்லை. ஏழாவதிலும் அப்படியே. எட்டாவது தேறியது.

அப்போதுதான் போன் வந்தது. காலையில் அவருக்கு டீ கொடுத்த எதிர்க்கடைக்காரர், மேட்டுத்தெரு வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

"மூடியைப் போட்டுக் குடு மச்சான், பறந்துடுறேன்!"

"ஏறிடுவே. ஆளை உள்ள வச்சுக்கிட்டு இறங்கையில நின்னுபோனா?"

"நின்னா நிக்கட்டும்யா! அங்க ஒரு உசுரு போயிட்டிருக்கு!"

"அதுக்குத்தான் சொல்றேன்."

ஸ்பேனரை எடுத்தார். ஓட்டுநர் திட்டாத திட்டு இல்லை. வண்டி மேட்டுத்தெருவில் ஏறியபோது, கடைக்காரரை ஏற்றிய காய்கறி வேன் எதிரே இறங்கி வந்தது. அதில் இருந்தது உடம்பு மட்டும்தான். பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு தங்கை அண்ணன் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

விசாரணையில் கேட்டது ஒரே கேள்வி: அப்படியே அனுப்பியிருந்தால் வண்டி போய்ச் சேர்ந்திருக்குமா?

"சேர்ந்திருக்கலாம். சேராமலும் போயிருக்கலாம்."

வேறு யாராவது அடித்துச் சொல்லித் தப்பித்திருப்பார்கள். இவர் தெரியாததைத் தெரியாது என்றார். அதைத்தான் பொறுப்பேற்கத் தயங்குவதாக எழுதிக்கொண்டார்கள்.

ஆறாவது, ஏழாவது வால்வுகளில் இடைவெளி இல்லை. அவர் இரண்டையும் சரிசெய்து, மூடியைப் போட்டு, வண்டியைக் கொடுத்தார். அதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது.