சிக்காகோ அண்ணை

ஒன்பது மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே குருசுமுத்து தன் பக்கத்து நாற்காலியை இடது கையால் பின்னுக்கு இழுத்துவிடுகிறார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கன்ரீன் கதவால் உள்ளே வருகிறவர்களில் ஒருவரைப் பார்த்துக்கொண்டே இழுப்பார், அவ்வளவுதான். அந்த ஆள் வந்து அதில் இருக்க வேண்டும். இருந்துவிட்டால் இடைவேளையின் பன்னிரண்டு நிமிடமும் எழும்ப முடியாது. டேனிஷ்காரரின் கறுத்த றை ரொட்டியின் மேல் சம்பலைப் பூசிக்கொண்டே தொடங்குவார்: "நேற்று எதில விட்டனான்? ஓம், ஆக்களை ரயிலுக்குள்ள வைச்சுப் பூட்டினதில."

ரயில் அமெரிக்காவில் ஓடுகிறது. ஆண்டு 1892. கன்ரீன் இருப்பதோ டென்மார்க்கில், ஹேர்னிங்குக்கு வெளியே, இறகுப் போர்வையும் தலையணையும் செய்கிற ஒரு தொழிற்சாலையில். நான் அங்கே ஏழு வருடமாகப் பொதி கட்டுகிறேன். அந்த நாற்காலியில் நான் எத்தனை தடவை மாட்டுப்பட்டேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆரம்பத்தில் கழிப்பறைக்குப் போகிற சாட்டில் தப்பிப் பார்த்தேன். பிறகு, வேலைநிறுத்தம் நடக்கிற இடத்துக்கு என்று சொல்லாமலே கூட்டிப்போன, பூட்டின ரயிலுக்குள் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று அறியாமல் வேலை ஓடவில்லை.

அவருக்கு வயது அறுபத்தொன்று. ஊர் மன்னார்ப் பக்கம். துணி வெட்டும் பகுதியில் வேலை. ஆனாலும் நாளுக்கு நாலு தரம் இறகு அறைக்குள் எட்டிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சரிவராது. அதனால் பின்னேரத்துக்குள் புருவத்தில் வெள்ளை இறகு ஒட்டிவிடும். தட்டிவிட நாங்கள் கை நீட்டினால் தலையைப் பின்னுக்கு இழுப்பார். "விடுங்கோ, அது யசிந்தாவின்ர வேலை." முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வரும் மனைவி யசிந்தா, வாசலில் வைத்து அதைத் தட்டிவிட்ட பிறகுதான் அவரை உள்ளே விடுவாராம்.

தமிழ் ஆட்கள் அவரைச் 'சிக்காகோ அண்ணை' என்கிறோம். சிக்காகோ எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கையைக் காட்டுவாரே தவிர, போனதில்லை. டென்மார்க்குக்கு வந்த முதல் மாரிகாலத்தில், நூலகத்தில் கழித்துவிட்ட புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு ஐந்து குரோனருக்கு விற்றார்கள். அட்டை கிழிந்த தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அமெரிக்கத் தொழிலாளர் வரலாறு, டேனிஷில். "ஏன் அண்ணை, ஒரு சமையல் புத்தகம் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"உள்ளதுக்குள்ள மொத்தமானது அதுதான் பிள்ளை. அஞ்சு குரோனருக்கு எவ்வளவு டேனிஷ் வருது எண்டு பார்த்தனான்."

அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் அவர் மொழி படித்தார். கரட்டுக்கு டேனிஷில் என்ன சொல் என்று தெரியவருவதற்கு முன்பே கதவடைப்புக்கு என்ன சொல் என்று அவருக்குத் தெரியும். வந்த வினையும் உண்டு: அவருடைய டேனிஷ் எழுபது வருடப் பழசு. முப்பது வருடமாக இங்கே தைக்கிற பிர்கிட்டெ, அவர் பேசத் தொடங்கினால் செத்துப்போன தன் பெரியப்பா வந்துவிட்டாரோ என்று நினைப்பாளாம். இளம் டேனிஷ் பொடியன்கள் சிரிப்பார்கள். ஆனால் சம்பளப் பேச்சுவார்த்தையில் அந்தப் பழைய சொற்கள் எழும்பி நிற்கும்போது முகாமையாளர் சிரிப்பதில்லை.

அவருக்குப் பிடித்த கதை, படுத்துத் தூங்கிப் போகிற ரயில்பெட்டி செய்த முதலாளி, சிக்காகோவுக்குப் பக்கத்தில் தன் தொழிலாளருக்குக் கட்டிய நகரத்தின் கதை. சம்பளத்தைக் குறைத்தாராம், வீட்டு வாடகையை மட்டும் குறைக்கவில்லையாம். அதைக்கூட குருசுமுத்து பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது அங்கிருந்த தேவாலயம். "வீடு அவன்ர. கடை அவன்ர. சரி. கோயிலையும் வாடகைக்கு விட்டவன், பிள்ளை! வாடகை கூடிப்போச்சு எண்டு ஒருத்தரும் எடுக்கேல்லை. பச்சைக் கல்லால கட்டின வடிவான கோயில், பூசையில்லாமச் சும்மா கிடந்தது!" நூற்று முப்பது வருடத்துக்கு முந்திய அநியாயத்துக்கு அவர் இன்று காலை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்கிறார்.

அந்தக் காலத்து ஆலைகளில் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளிவைத்து வேலை வாங்கினார்கள் என்று படித்ததிலிருந்து, சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரம் ஒன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார். தொழிற்சாலை மணி அடிக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பார். இதுவரை பிழைவிட்டது அவருடைய கடிகாரம்தான். நாளை மூன்று எட்டாகப் பிரித்துத்தான் வாழ்கிறார்: எட்டு மணி வேலை, எட்டு மணி நித்திரை, எட்டு மணி தன் பாட்டுக்கு. யசிந்தா ஒருநாள் என்னை வைத்துக்கொண்டே கேட்டார்: "இந்த மனுசன் சொல்லுற மூண்டு எட்டில சமைக்கிறது எந்த எட்டில வருது? ஒருக்காக் கேட்டுச் சொல்லும் பிள்ளை." சிக்காகோ அண்ணை அன்றைக்குக் கோப்பையைக் கழுவப் போனவர், வெகுநேரம் திரும்பி வரவில்லை.

பதினொரு வருடமாக அவர்தான் எங்கள் தில்லிஸ்மன். தொழிலாளர் தமக்குள் தெரிவுசெய்கிற பிரதிநிதிக்கு இங்கே அப்படிப் பெயர். இந்தப் பதவியோடு ஒரு விசித்திரமான கடமையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதை அறிந்த நாளில் எனக்கு நம்பவே முடியவில்லை. சங்கத்துக்கும் முதலாளிமாருக்கும் இடையில் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்தில் வேலையை நிறுத்தக் கூடாது. இந்த ஏற்பாடு 1899இல் நூறு நாள் கதவடைப்புக்குப் பிறகு இந்த நாட்டில் வேர்விட்டது. அப்படியும் ஆட்கள் கோபத்தில் நிறுத்திவிட்டால், தில்லிஸ்மன் எழும்பி, "வேலைக்குத் திரும்பும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லியாக வேண்டும். நியாயம் ஆட்களின் பக்கம் இருந்தாலும் சொல்ல வேண்டும்.

குருசுமுத்து இதை நாலு தடவை சொல்லியிருக்கிறார். டேனிஷ்காரர் அதைச் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் செபம்போலத் தலைகுனிந்து கேட்பார்கள். கேட்டுவிட்டு, எழும்பாமலே இன்னொரு கோப்பை கோப்பி வார்த்துக்கொள்வார்கள். சொன்னவர் கடமையைச் செய்துவிட்டார், கேட்டவர்கள் வேலையை நிறுத்தினதற்கான அபராதத்தைக் கட்டிக்கொள்வார்கள், மறுநாள் இரண்டு தரப்பும் மேசைக்கு வரும். இந்த ஒழுங்கு எல்லோருக்கும் தெரியும் என்றுதான் அவரும் நினைத்திருந்தார், நானும் நினைத்திருந்தேன்.

போன வருடம் விபோர்க் நகரில் இருந்த எங்கள் கம்பனியின் தையல் பகுதியை மூடி, அங்கே இருந்தவர்களை எங்களோடு சேர்த்தார்கள். அதில் பதினொரு பேர் தமிழ்ப் பெண்கள். இராசலட்சுமி என்ற மட்டக்களப்பு அக்காவின் தலைமையில் மூன்று காரில் வந்து இறங்குவார்கள். அவர்களில் அந்த நாற்காலியில் இருக்காதவர் இல்லை. சிக்காகோவின் கதை முழுவதும் அவர்களுக்குப் பாடம். செலீனாவும் அவர்களில் ஒருத்தி. அதிகம் பேசாதவர், தலையணை உறையின் மூலை மடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இந்த மாரியில் தையல் இயந்திரங்களில் சின்னத் திரைகளைப் பூட்டினார்கள். ஒரு உறைக்கு எத்தனை விநாடி என்று அது காட்டும். செலீனாவின் மணிக்கட்டு வீங்கிக் கட்டுப்போட்டிருந்தது. திரைக்கு அது தெரியாது. மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை, வேகம் போதாது என்று வேலைநீக்கக் கடிதம் அவர் கையில் வந்தது.

ஒன்பதேகால் ஆகியும் கன்ரீனில் இருந்து ஒருவரும் எழும்பவில்லை. பிர்கிட்டெ அந்தக் கடிதத்தை மேசையில் விரித்துவைத்து, "இதைத் திருப்பி எடுக்கும்வரை நான் வேலைக்குப் போகமாட்டேன்" என்றாள். டேனிஷ்காரர், போலந்துக்காரர், தமிழர் எல்லோரும் ஒரே அறையில். புத்தகத்துக்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது போல இருந்தது. குருசுமுத்து சங்கத்துக்கு அறிவித்துவிட்டு வந்து, அந்த வசனம் எழுதிவைத்திருக்கும் கடதாசியைப் பார்த்து அதை டேனிஷில் சொன்னார். எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்ற நேர்மையில் தமிழிலும் சொன்னார்.

பதினொரு பெண்களும் எழும்பினார்கள். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தையல் அறைக்குப் போனார்கள். யாருக்காக எல்லோரும் குந்தியிருந்தார்களோ, அந்தச் செலீனாவும் கடைசி ஆளாகப் போனார். இரண்டு நிமிடத்தில் இயந்திரங்கள் கடகடக்கிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் கேட்டபோது குருசுமுத்துவின் முகத்தைப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. போலந்துக்கார மாரெக் ஒரு சொல் சொன்னான். தமிழில் அதற்குக் கருங்காலி என்று அர்த்தம். அவர் சட்டென்று அவன் பக்கம் திரும்பினார். தெரியாமல் ரயில் ஏறினவர்களை அப்படிச் சொல்லாதே என்றார், தன் பழைய டேனிஷில். அவ்வளவு கோபமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. தையல் அறையே ஓடும்போது நாங்கள் எதற்கு என்று, ஒரு மணி நேரத்தில் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

நான் ஓடிப்போய் இராசலட்சுமி அக்காவிடம் விளங்கப்படுத்தினேன். அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. "அண்ணை வாயால சொன்னவர். கடதாசியையும் பார்த்துச் சொன்னவர். நீ இடையில வந்து மாத்திக் கதைக்காத மகள். அவருக்குத் தெரியாததோ?" பக்கத்தில் இருந்த செலீனா, "எனக்காக அண்ணையின்ர சொல்லைத் தட்டினா அவருக்கெல்லோ மரியாதைக் குறைவு" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மரியாதையால் ஒரு மனிதரின் கழுத்தை இப்படியும் அறுக்க முடியுமா?

அன்று பின்னேரம் நானும் குருசுமுத்துவும் அவருடைய காரில் திரும்பினோம். மறுநாள் பதினொரு மணிக்குச் சங்கமும் முதலாளிமாரும் சந்திக்கும் கூட்டம். முகாமையாளர் அதற்கு எழுதிவைத்த வரி ஏற்கெனவே எங்கள் காதுக்கு வந்திருந்தது: செலீனாவோடு வேலை செய்கிறவர்களுக்கே இதில் முறைப்பாடில்லை. நாளைக்கும் தையல் அறை ஓடினால், செலீனாவின் வேலை போனது போனதுதான்.

"ஒரு போன் எடுத்துச் சொல்லுங்கோவன் அண்ணை, எழும்பாதேங்கோ எண்டு."

"ஏலாது."

"ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமெல்லோ." கொஞ்சத் தூரம் ஓட்டினார். "தில்லிஸ்மன் வேலையை நிப்பாட்டச் சொன்னவன் எண்டு ஒரு சொல் வெளியில வந்தாக் காணும். கூட்டத்தில அதைத்தான் முதல்ல தூக்கிப் போடுவினம். பிறகு என்ர வேலையைப் பற்றித்தான் கதை. செலீனான்ர கை ஒருத்தருக்கும் ஞாபகம் வராது."

சமிக்ஞை விளக்கில் நின்றபோது தானாகவே சொன்னார்: "முப்பது வருசமா அந்தப் புத்தகத்தில இருந்து கதை சொல்லுறன் பிள்ளை. இந்த ஒரு கடதாசியைப் பற்றி அவையளுக்கு ஒருநாளும் சொல்லேல்லை. அது புத்தகத்தில இல்லை, அதான் நினைவு வரேல்லை." பச்சை விழுந்தது. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் காரை எடுத்தார். அவருடைய புருவத்தில் இறகு அப்படியே இருந்தது.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு அவர் ரொட்டிப் பெட்டியைத் திறக்கவில்லை. நான் வந்து ஏழு வருடத்தில் முதல் தடவையாக, பக்கத்து நாற்காலி மேசைக்குள் தள்ளினபடியே இருந்தது. யாரையும் பார்க்கவும் இல்லை. ஒன்பது பன்னிரண்டுக்கு மணி அடித்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிர்கிட்டெ கோப்பிச் சாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளுடைய மேசையில் யாரும் அசையவில்லை. விபோர்க் பெண்கள் பதினொரு பேரும் அண்ணையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முகாமையாளர் கதவடியில் வந்து நின்றார். குருசுமுத்து எழும்பி, சட்டைப் பையில் இருந்து கடதாசியை எடுத்து டேனிஷில் வாசித்தார். வழக்கம்போலத் தலைகள் குனிந்தன. வழக்கம்போல எல்லோரும் இருந்தார்கள். நேற்றைய நாளின் ருசி கண்ட முகாமையாளர் சிரித்த முகத்தோடு சொன்னார்: "தமிழிலும் சொல்லுங்கள், அவர்களுக்கும் விளங்கட்டும்."

"வேலைக்குத் திரும்பிப் போகச் சொல்லி உங்களைக் கேட்டுக்கொள்ளுறன்," என்றார் குருசுமுத்து.

இராசலட்சுமி அக்கா கைப்பையைத் தோளில் போட்டார். மற்றவர்களும் மெல்ல எழும்பினார்கள். செலீனா கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குருசுமுத்துவின் மேசையைத் தாண்டிக் கதவுப் பக்கம் நடந்தார். பதினொரு பேருக்கும் கால் நடந்தாலும் கண் மட்டும் அண்ணையில்தான் இருந்தது.

குருசுமுத்து தொண்டையைச் செருமினார். வலது கையில் கடதாசியைத் தூக்கிப் பிடித்தார். "வேலைக்குத் திரும்பிப் போகச் சொல்லி," என்று முகாமையாளருக்கும் கேட்கிற மாதிரி உரக்க, ஒரு சொல் குறையாமல், மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார். வாசித்துக்கொண்டே செலீனாவைப் பார்த்து, தன் பக்கத்து நாற்காலியை இடது கையால் பின்னுக்கு இழுத்துவிட்டார்.