பந்து போட்டவனுக்குச் சுடுதண்ணிப் போத்தல்

போன ஞாயிறு காலை, டென்மார்க்கில் இஷொய் என்கிற ஊரில், எங்கள் குசினி மேசையில் இருந்து பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே என் மகன் தொலைபேசியில் யாரோ சிநேகிதனோடு டேனிஷில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு இருக்கிறதல்லவா, அதில் ஒவ்வொரு வருடமும் லீக்கிலேயே பெறுமதியான ஆட்டக்காரர் என்று ஒருவருக்கு விருது கொடுப்பார்களாம். இந்த முறை அது அடிக்கிறவனுக்கா, பந்து எறிகிறவனுக்கா என்பதுதான் வழக்கு. பிள்ளை அமெரிக்காவை வரைபடத்தில் மட்டும் பார்த்தவன். ஆனாலும் தன் காணிக்குள் யாரோ வேலியை நகர்த்திவிட்ட மாதிரி வாதாடினான்.

தொலைபேசியை வைத்ததும் என்னிடம் நியாயம் கேட்டான். எறிகிறவன் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் இறங்குகிறான், அவனுக்குப் போய் எப்படிக் கொடுப்பது என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அவன் போடாட்டி மற்றவன் காத்தையே அடிக்கிறது?" என்று கேட்டேன்.

மகன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அப்பா, எறியிறவன் எதிர்க்கட்சி" என்று டேனிஷில் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தான். அது எனக்கும் தெரியும். கோபத்தில் மறந்துவிட்டது. என் கோபம் அமெரிக்காவைப் பற்றியதல்ல, ஹோர்சன்ஸ் நகரத்துக்கு வெளியே ஒரு புல்வெளியில் எண்பதுகளின் நடுவில் நடந்த அநியாயத்தைப் பற்றியது. அதைச் சொன்னால் பிள்ளை எழும்பிப் போய்விடுவான். நீங்கள் இருங்கள்.

நாங்கள் ஆடியது எல்லே. இலங்கையில் பள்ளிக்கூட மைதானங்களில் ஆடுவார்களே, அதுதான். மூங்கில் தடியால் டென்னிஸ் பந்தை அடித்துவிட்டு, நட்டிருக்கிற கம்பங்களைச் சுற்றி ஓடிவரவேண்டும். ஓடுகிறபோது எதிர்க்கட்சி பந்தை எடுத்து உங்கள் மேல் எறிந்து பட்டால் நீங்கள் அவுட். இதில் ஒரு விசேடம், நாங்கள் ஆடிய முறையில் பந்து போடுகிறவரும் அடிக்கிறவரும் ஒரே கட்சி. உங்கள் ஆள்தான் உங்களுக்குப் பந்து போடுவார். நல்லாக அடிக்கும்படி போடுவதுதான் அவருடைய கெட்டித்தனம்.

நனைந்த டென்னிஸ் பந்து காய்கிற மணம் உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. நாய்க்குட்டியும் பழைய கம்பளிச் சட்டையும் ஒன்றாகக் கிடந்த மாதிரி ஒரு மணம். அந்தக் கோடையில் மழை விடவேயில்லை. ஹோர்சன்ஸில் ஒரு மாடிவீட்டில் நாங்கள் ஐந்து இளந்தாரிகள் இருந்தோம். ஆனி மாதத்தில் ஹீட்டரைப் போட்டு அதன்மேல் பந்துகளை வரிசையாக வைத்துக் காயவிடுவோம். பக்கத்தில் தக்காளிக்குழம்போடு வருகிற மக்கரல் மீன் தகரத்தை உடைத்து, மிளகாய்த்தூள் போட்டுக் கறி கொதிக்கும். அந்த இரண்டு மணமும் சேர்ந்ததுதான் எனக்கு டென்மார்க். மூங்கிலுக்கு நாங்கள் பட்டபாடு தனிக்கதை. கம்பளம் விற்கிற கடையில் கம்பளம் சுற்றி வருகிற மூங்கில் தடியைக் கேட்டு வாங்கி, பிடிக்கிற இடத்துக்குச் சைக்கிள் ரியூப் சுற்றினோம். எங்களுக்கு இது எதற்கென்று கடைக்காரர் ஒருநாளும் கேட்கவில்லை. அகதிகள் என்றால் எதையும் கேட்பார்கள் என்று நினைத்திருப்பார்.

எங்களுக்குப் பந்து போட்டவன் அலோசியஸ். மன்னார்ப் பெடியன், கழுத்தில் பெரிய சிலுவைச் சங்கிலி. இப்படியான கதைகளில் வருகிற மாதிரி அவன் அடக்கமான பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். வாய் காது வரைக்கும். குளிக்கப் போனால்கூடத் தன்னைப் பற்றியே கதைத்துக்கொண்டு போவான். ஆனால் பந்து போடுவதில் அவன் சொன்ன புளுகு ஒன்றுகூடப் பொய்யில்லை. எனக்குக் கண்ணாடி, அதோடு கைகால் கொஞ்சம் மந்தம். எனக்கென்று முழங்காலுக்கு மேலே மெல்லமாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஒரு பந்து வரும். மோகனுக்கு நெஞ்சு உயரத்தில், கொஞ்சம் வெளியே. மோகனுடைய அடி பறந்துபோய் அடுத்த வளவு கோதுமைக்குள் விழும். பார்க்கிறவர்கள் கோதுமையைப் பார்ப்பார்கள். பந்தைப் போட்டவனை யார் பார்த்தது?

மோகன் யாழ்ப்பாணத்தில் பெரிய கல்லூரி ஒன்றில் படித்தவன், நல்ல உயரம், தலைமயிரை ஒருபக்கமாக இழுத்துவிடுவான். அவன் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். தான் அடிப்பது தன் கையால்தான் என்று முழுமனதோடு நம்பினான், அவ்வளவுதான்.

நாலு ஊர்த் தமிழ்ப் பெடியங்கள் சேர்ந்து அந்தக் கோடையில் ஒரு லீக் நடத்தினோம். முடிவில் சிறந்த ஆட்டக்காரருக்கு ஒரு கப். கப்பைத் தூக்கி அடுப்பில் போடுங்கள், அதோடு வந்ததுதான் முக்கியம். ஜெர்மனியில் இருந்த ஒரு தமிழ் விளையாட்டுக் கழகம், உங்கள் லீக்கில் சிறந்த ஆட்டக்காரர் ஒருவரை அனுப்புங்கள், எங்கள் அணியில் சேர்த்து விளையாட விடுகிறோம், விசாவுக்கு அழைப்பும் தருகிறோம் என்று சொல்லியிருந்தது. ஒரேயொரு ஆள். அந்த நகரத்தில்தான், அகதிகள் விடுதியில், அலோசியஸின் தம்பி றெஜி இருந்தான். அண்ணன் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது றெஜி அரைக்காற்சட்டையோடு பள்ளிக்கூடம் போன பெடியன். பிறகு தனியாக ஓடிவந்து ஜெர்மனியில் மாட்டிக்கொண்டான். அகதி வழக்கு முடியும்வரை அவன் அந்த மாவட்டத்தைவிட்டு வெளியே போகக்கூடாது. அலோசியஸ் விசா கேட்டுப் போனால், உன்னை அழைப்பது யார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே அந்தக் கப் அவனுக்குக் கப் அல்ல.

"கப் எனக்குத்தான் அண்ணை" என்று என்னிடம் தினமும் சொல்வான். "நான் போடாட்டி உவங்கள் என்னத்தை அடிக்கிறது?"

பிறகு தொடங்கியது பாருங்கள் வாதம். இலங்கைப் பிரச்சினைக்குக்கூட நாங்கள் இவ்வளவு நேரம் செலவழித்ததில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரை மாஸ்டர் என்போம். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், மழையிலும் டை கட்டுவார். "பந்து போடுறது ஒரு உதவி வேலை தம்பி. மாப்பிள்ளைத் தோழனுக்கு ஆரும் தாலி குடுக்கிறவையே?" என்று கேட்டார். சபை சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாலியை மாப்பிள்ளைக்கும் கொடுப்பதில்லை என்று அந்த நேரம் வாயில் வரவில்லை, சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியில்தான் வந்தது. இன்னொருவர், மோகன் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்லி, அவன் அங்கேயே பரிசு எடுத்தவன் என்றார். அப்போது அலோசியஸ் எந்தப் பள்ளிக்கூடம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்த அந்த அமைதி இருக்கிறதே, அதற்குத்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. கடல்தொழில் செய்கிற குடும்பம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மற்ற மூன்று ஊர்க்காரரும் தங்கள் தங்கள் ஆளைச் சொன்னார்கள். கடைசியில் மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். இறுதி ஆட்டத்துக்குப் பிரதம விருந்தினராக எங்கள் மொழிப்பள்ளி ஆசிரியை கிர்ஸ்டனை அழைப்பது, அவரே நடுநிலையாகப் பார்த்து ஆளைச் சொல்வது. "வெள்ளைக்காரி சொன்னா ஒருத்தரும் மறுகதை கதைக்கமாட்டினம்" என்றார். அது உண்மைதான். அதுதான் எங்கள் கேடு.

கிர்ஸ்டன் தங்கமான மனிசி. எங்களுக்கு டேனிஷ் சொல்லித்தருவதற்காகத் தன் நாக்கையே தேய்த்தவர். டேனிஷ்காரர் யாரும் விருந்துக்கு வெறுங்கையோடு போவதில்லை, அவரும் எங்கள் தேத்தண்ணி மேசைக்கென்று காகிதம் சுற்றிய ஒரு புதுச் சுடுதண்ணிப் போத்தலோடு வந்தார். டேனிஷ்காரரிடமும் சின்ன வயதில் விளையாடுகிற ஒரு பந்தடி இருக்கிறது, ருண்ட்போல்ட் என்பார்கள், கிட்டத்தட்ட எல்லேதான். அதனால் அவருக்கு எல்லாம் விளங்கும் என்று நாங்கள் நினைத்தோம். ருண்ட்போல்ட்டில் பந்து போடுகிறவர் எதிர்க்கட்சி. எங்களுடையதில் எங்கள் கட்சி. இதை அவருக்குச் சொல்லவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சொந்த ஆள்தானே பந்து போடுவான், இதை யாராவது விளக்குவார்களா? அணிக்கென்று நிறச் சட்டை ஏதாவது இருந்தாலும் விளங்கியிருக்கும். தேவாலயத்தில் தந்த பழைய ஸ்வெட்டர்களோடுதான் எல்லோரும் நின்றோம். அலோசியஸ் அவருடைய வகுப்பில் இருந்ததுமில்லை.

அன்றைக்கு நாங்கள் துடிக்கத் துடிக்க அடித்தோம். நானே மூன்றாவது கம்பம் வரைக்கும் ஓடினேன் என்றால் பாருங்கள். மோகன் கோதுமைக்குள் அடித்தான். அலோசியஸ் ஒவ்வொரு பந்துக்கும் சிரித்துச் சிரித்துக் குனிந்து எடுத்துப் போட்டான். ஹோர்சன்ஸ் வென்றது.

கிர்ஸ்டன் கப்பை மோகனிடம் கொடுத்தார். பிறகு, இன்னொருவருக்கும் நான் ஒன்று கொடுக்க விரும்புகிறேன் என்று சொல்லி அலோசியஸைக் கையைக் காட்டி அழைத்தார். இந்த இளைஞர் எறிந்த பந்தையெல்லாம் எல்லோரும் அடித்தார்கள், ஆனாலும் இவர் ஒருதடவையும் முகம் சுழிக்கவில்லை, தோற்கிறபோதும் சிரிக்கத் தெரிந்தவர் இவர் என்றார். சுடுதண்ணிப் போத்தலை அவன் கையில் கொடுத்துக் கைதட்டினார்.

டேனிஷ் விளங்கியவர்கள் முதலில் சிரித்தார்கள். விளங்காதவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். மாஸ்டருக்கு நன்றாக விளங்கியது, அவர்தான் மொழிபெயர்க்க நின்றவர். "அலோசியஸுக்கு ஒரு விசேட பரிசு" என்று தமிழில் ஒரு வரியோடு முடித்துவிட்டார். நான் எழும்பினேன். மாஸ்டர் என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தார்.

"இரும் தம்பி. பிரதம விருந்தினரைச் சபையில வைச்சுப் பிழை சொல்லுறதே? எங்களைப் பற்றி என்ன நினைப்பா?"

இதுதான் எங்கள் சாத்திரம். பிரதம விருந்தினர் பிழை விடமாட்டார். விட்டால் அது பிழையல்ல. ஊர் எரிந்து நாடு விட்டு ஓடிவந்தபோது உடுபுடவையைக்கூட விட்டுவிட்டு வந்த சனம், இந்த ஒன்றை மட்டும் கவனமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தது.

அடுத்தநாள் மாஸ்டரின் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கொடுத்த கப்பைத் திருப்பி வாங்குவது நாகரிகமில்லை என்றார், மோகனின் பெயர் ஜெர்மனிக்குப் போய்விட்டது என்றார். மோகனிடம் போனேன். "நானோ கேட்டனான்? டீச்சரெல்லோ தந்தவ" என்றான். அலோசியஸ் அன்றைக்குத்தான் முதல்தடவையாகக் கொஞ்சமாகக் கதைத்தான். "ஆட்டத்துக்கு முதல்நாளே றெஜிக்கு போன் அடிச்சு, வாறனெண்டு சொல்லிப்போட்டன் அண்ணை" என்றான். திருப்பி எடுத்துச் சொன்னாயா என்று கேட்டேன். விடுதிக்கு எடுத்ததாகவும், யார் எடுத்தார்கள் என்று தெரியாது, ஜெர்மன் பாஷையில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார்கள் என்றும் சொன்னான்.

ஆவணியில் மோகன் போனான். ஆடினான். ஒரு அடிகூட ஒழுங்காக விழவில்லையாம். "அங்கத்தப் பெடியளுக்குப் பந்து போடத் தெரியாது மச்சான்" என்று எங்கள் குசினியில் இருந்து அவன் தன் வாயாலேயே சொன்னான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன், தான் சொன்னது என்னவென்று இப்போதாவது விளங்கும் என்று. விளங்கவில்லை. பிறகு அலோசியஸ் பக்கம் திரும்பி, "உன்ர தம்பி வந்தவன்ரா" என்றான். "சோத்துப் பார்சலும் கட்டிக்கொண்டு வந்தவன். நீ வரேல்லை எண்டதும் எங்களுக்கே தந்திட்டான். நல்ல மீன்குழம்பு."

அந்த மாரியிலேயே றெஜி யாரோ ஏஜென்ட் மூலம் கனடாவுக்குப் போய்விட்டான்.

கிர்ஸ்டனிடம் நான் சொன்னேன், பல வருடங்கள் கழித்து. கடையில் காசு கட்டுகிற வரிசையில் கண்டு, எனக்கு டேனிஷ் சரளமான பிறகு, முழுக்கதையையும் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஏன் நீங்கள் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை? உடனே மாற்றியிருப்பேனே" என்று கேட்டார். சபையில் பிழை சொன்னால் வருத்தப்படுவார் என்று நாங்கள் பாதுகாத்த மனிசி, சொல்லாததற்கு வருத்தப்பட்டார்.

இப்போது அந்தப் புல்வெளியில் ஒரு பெரிய களஞ்சியசாலை நிற்கிறது, லொறிகள் வந்து போகின்றன. கோதுமையும் இல்லை. எங்கள் பிள்ளைகள் டேனிஷில் கத்திக்கொண்டு உதைபந்து விளையாடினார்கள், எல்லே அவர்களுக்குத் தெரியாது. லீக் ஆடிய பெடியங்களில் பாதிப்பேர் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். மாஸ்டரும் காலமாகிவிட்டார். சண்டை பிடிப்பதற்குக்கூட ஒருத்தரும் மிச்சமில்லை.

மகன் வெளியே போனபிறகு ஹ்விடோவ்ரே என்ற ஊரில் இருக்கிற அலோசியஸுக்கு எடுத்தேன். முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கிறான், அடுத்த வருடம் ஓய்வு. அமெரிக்கக் கதையைச் சொல்லி, பந்து எறிகிறவனுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று மீண்டும் கத்தினேன். அவன் சிரித்தான். பிறகு, நான் கேளாமலேயே, அம்மாவின் செத்தவீட்டுக்கு ரொறொன்ரோவுக்குப் போனதைச் சொன்னான். ஊரில் பிரிந்தபிறகு அதுவரைக்கும் அண்ணனும் தம்பியும் சந்திக்கவேயில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எப்போதும் ஏதோ ஒன்று குறுக்கே வந்திருக்கிறது, வழக்கு, வேலை, பிள்ளைகள்.

"எயார்போட்டில அவன் எனக்குப் பக்கத்தால போறான் அண்ணை. நானும் பார்க்கிறன், ஆரோ ஒரு வயசுபோன மனிசன் போறாரெண்டு. ரெண்டு பேரும் அங்கால போய், திரும்பி வந்து, பிறகும் கடந்து போயிட்டம். பிறகு அவன் போன் அடிக்க என்ர பொக்கற்றுக்குள்ள மணி கேக்குது."

மகன் மிச்சம் விட்ட பாணைத் தட்டோடு ஒதுக்கி வைத்தேன்.

"அந்த ஆவணியில போயிருந்தா தெரிஞ்சிருப்பன்" என்றான் அலோசியஸ். "அப்ப அவன்ர முகம் நான் விட்டிட்டு வந்த அதே முகம்தானே."