வயிற்றில் வளையம், பத்தியில் கிரிவலம்

போன செவ்வாய்க்கிழமை ஒரு வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து என் எழுத்தை நானே உரக்கப் படிக்க வேண்டியதாகிவிட்டது. படிக்கச் சொன்னார்கள், படித்தேன். பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டேன்.

இதே பக்கத்தில், ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வந்த பத்தி அது. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். என் பக்கத்து வீட்டுக் கலைவாணி பௌர்ணமிதோறும் கிரிவலம் போய் இருபது கிலோ இளைத்த கதை. 'பதினாலு கிலோமீட்டரையும் மான்குட்டி மாதிரி துள்ளி நடந்தாள். நான்தான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்' என்று எழுதியிருந்தேன்.

மான்குட்டி! நாற்பத்துமூன்று வயது டைப்பிஸ்ட்டைப் போய்...

படிக்கக் கொடுத்த நகலின் மேல் மூலையில் ஒரு சீல் இருந்தது. எதிர்த்தரப்பு ஆவணம், எண் ஆறு.

விஷயம் இதுதான். கலைவாணி இளைத்தது கிரிவலத்தால் இல்லை. சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுடைய இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கான் வளையத்தை மாட்டியிருந்தார்கள். வளையம் இறுக்கிப் பிடித்தால் நாலு வாய்க்கே வயிறு நிறைந்துவிடும், எடை தானாகக் குறையும். 'சின்ன ஓட்டைங்க, மூணு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்' என்றார்களாம். வளையம் இடம் நகரலாம், இரைப்பையை அரிக்கலாம் என்பதெல்லாம் பதினோரு பக்க ஆங்கிலப் படிவத்தில் எங்கோ இருந்திருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்களாம். இவளும் குறி இருந்த இடத்தில் எல்லாம் போட்டிருக்கிறாள்.

ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. ஆபீசில் மஞ்சள் காமாலை என்று லீவு. என்னிடமும் அதையேதான் சொன்னாள். ஒரு சுவர் தள்ளிக் குடியிருக்கிறேன்!

ஏன் சொல்லவில்லை? சொன்னால் நாம் என்ன பேசுவோம் என்று அவளுக்குத் தெரியாதா? 'வாயைக் கட்ட முடியல, போய் வயித்தக் கட்டிக்கினு வந்துட்டா' என்போம். மலையைச் சுற்றினேன் என்றால் இந்த ஊரில் மேற்கொண்டு கேள்வி கிடையாது. இங்கே மாப்பிள்ளை அமைந்தாலும் மலைதான், டிரான்ஸ்ஃபர் கிடைத்தாலும் மலைதான். இளைத்ததற்கும் மலை என்றாள். கையெடுத்துக் கும்பிட்டோம்.

மூன்றாம் மாதத்திலிருந்து அவளுக்கு வாந்தி. ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணும்போதெல்லாம் ஒரே பதில்தான். 'நல்லா மென்னு சாப்பிடுங்கம்மா, பழகிடும்.' பத்தாம் மாதம் தண்ணீரே இறங்கவில்லை. வேறொரு ஆஸ்பத்திரியில் பார்த்தபோது வளையம் நகர்ந்து இரைப்பையைக் கவ்விக்கொண்டிருந்தது. திறந்து எடுத்தார்கள். அப்போதுதான் எனக்கே உண்மை தெரிந்தது. இன்றைக்கும் அவளால் ஒரு தடவைக்கு ஒரு இட்லிக்கு மேல் சாப்பிட முடிவதில்லை. இளைத்த எடை மட்டும் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறாள். அவளுடைய வக்கீல் பஷீர் பாய்தான் என்னை வேங்கிக்காலில் இருக்கும் தன் ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்.

"மேடம், மூணாம் மாசத்துலேர்ந்து இவங்க கஷ்டப்பட்டாங்க, சொல்லியும் ஆஸ்பத்திரியில கண்டுக்கல. இதான் நம்ம கேசு. அவங்க என்னா சொல்றாங்கன்னா, நாலாம் மாசம் இவங்க பதினாலு கிலோமீட்டர் துள்ளி நடந்திருக்காங்க, பேப்பர்லயே வந்திருக்குன்னு."

"அதுல ஆபரேஷன்னு ஒரு வார்த்தைகூட இல்லையே பாய்? மலையால இளைச்சான்னுதானே எழுதியிருக்கேன்?"

"அது அவங்களுக்கு வேணாம். துள்ளி நடந்தாங்கன்றது மட்டும் போதும். போன் பண்ணதுக்கு நம்மகிட்ட ரெக்கார்டு கம்மி மேடம். உங்க பத்திக்கு வெயிட் ஜாஸ்தி."

என் எழுத்துக்கு வெயிட் ஜாஸ்தி என்று முதன்முதலாக ஒருவர் சொல்கிறார். சந்தோஷப்படவா முடியும்?

கலைவாணி எதிரில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். "அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க சார். நான்தான மலை மலைன்னு சொன்னேன்" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஏனென்றால், மலை என்று சொன்னதுதான் அவள். துள்ளி நடந்தாள் என்பது என் கைச்சரக்கு.

அந்தப் பௌர்ணமியன்று சாயங்காலம் நாலரை மணிக்குக் கிளம்பினோம். அடி அண்ணாமலை வருவதற்குள் அவள் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே ஒரு டீக்கடையில் மோர் வாங்கிக் கொடுத்தேன். நாலு மடக்குதான் குடித்திருப்பாள். கடைக்குப் பின்னால் ஓடிப்போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். தலையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். "ஒண்ணுமில்லக்கா, வெறும் வயிறு. பித்தம்" என்றாள். நம்பினேனா? நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது. என் முழங்கால் எப்போதோ கெஞ்ச ஆரம்பித்திருந்தது. கூட்டத்தை விட்டு விலகி, குறுக்கு ரோட்டுக்கு வந்து ஆட்டோ பிடித்தோம்.

மறுநாள் காலை பத்தி அனுப்ப வேண்டிய கெடு. கையில் வேறு விஷயம் இல்லை. பாதி வழியில் ஆட்டோ ஏறினோம் என்று எழுதினால் யார் படிப்பார்கள்? முழுதாகச் சுற்றி வந்துவிட்டேன், பேனாவாலேயே.

அது வந்த பிறகு எத்தனை போன்! கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெண் மூன்று மாதம் கழித்துப் பேசினாள். "நானும் விடாம சுத்துறங்க. ரெண்டு கிலோகூட இறங்கல. எம்மேல சாமிக்கு என்னாங்க கோவம்?" நம்பிக்கையோடு நடங்கள் என்று அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டு போனை வைத்தேன். அந்தப் பெண்ணின் நம்பரைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. இதைப் படித்தால், அம்மா, உங்கள் மேல் எந்த சாமிக்கும் கோபம் இல்லை.

இத்தனை வருஷம் எழுதிவிட்டேன். இப்போது உண்மையாகவே அலுப்பாக இருக்கிறது. அவள் வெட்கப்பட்டு ஒன்றை மறைத்தாள். நான் பக்கத்தை நிரப்ப ஒன்றைச் சேர்த்தேன். இரண்டையும் ஒட்டி ஒருவர் கோர்ட்டில் நீட்டுகிறார். அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளிடம் 'வளையம் இடம் நகரலாம்' என்று மூன்று வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது.

பஷீர் பாய் ஒரு பிரமாணப் பத்திரம் தயாராக வைத்திருந்தார். நடந்தது இது, எழுதியது பொய் என்று நான் சத்தியம் செய்து தர வேண்டும்.

"அன்னிக்குப் பொய் எழுதினவங்க இன்னிக்கு மட்டும் நிஜம் சொல்றாங்கன்னு எப்படி நம்பறதுன்னு கேப்பாங்க மேடம். பேரு கெடும். வீட்டுல போய் யோசிச்சு..."

"வேணாம்க்கா" என்றாள் கலைவாணி. சொல்லும்போது அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. இப்போதெல்லாம் அவள் கை அங்கேதான் இருக்கிறது.

யோசிக்க வீட்டுக்குப் போனால் நான் யோசித்துக்கொண்டேதான் இருப்பேன், என்னை எனக்குத் தெரியும். பேனாவை எடுத்தேன். மூன்று பக்கம்தான், தமிழில். ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவளைக் கேட்டுக்கொண்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் இங்கேயும் எழுதுகிறேன்.

அன்றைக்குக் கலைவாணி துள்ளவில்லை. அடி அண்ணாமலையில் வாந்தி எடுத்தாள். மீதி வழி இரண்டு பேரும் ஆட்டோவில் வந்தோம்.

எதிர்த்தரப்பு வக்கீல் சார், இதையும் கத்தரித்துக் கேஸ் கட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.