நெஞ்சில் பிடித்த பூஜு

"எஸ்.எஸ்.எல்.சி. படிச்சுட்டா டாக்டர் எழுதுனதையே தப்புன்னு சொல்லுவியா?"

கம்பவுண்டர் முன்னால் மாமா கேட்டார். நான் தப்பென்று சொல்லவில்லை. சளிப் பரிசோதனைச் சீட்டில் மூன்று முறையும் 'கிருமி தென்படவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். படித்ததைச் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது.

முதலில் இருமல். பிறகு ஒரு காலை கிணற்றடியில் பல் தேய்க்கும்போது எச்சிலில் ரத்தம். சிறு வயதில் எனக்குக் காசநோய் வந்து ஆறியிருந்தது. அது திரும்பிவிட்டதென்றே முதலில் பார்த்த டாக்டரும் நினைத்தார். ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) தினமும் போட்டார்கள். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ராகி வைக்கோல் தாள் அடுக்கிய கொட்டகையில், தனித் தட்டும் தனிச் சொம்புமாகக் கிடந்தேன். மூன்று மாதத்தில் ஊசியால் காதில் இரைச்சல் வந்தது. ரத்தம் நிற்கவில்லை.

அம்மா என்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போனார். மாநில எல்லையிலுள்ள ஜூஜுவாடி தாண்டும்வரை பஸ்ஸில் வாயைத் துணியால் பொத்தியிருந்தேன்.

எக்ஸ்ரேயில் வலப்பக்கம் மேலே, பழைய நோய் விட்டுப்போன பொந்து தெரிந்தது. அதற்குள் ஓர் உருண்டை. அதன்மேல் பிறை போலக் கொஞ்சம் காற்று.

"கட்டியா, வேறயான்னு எடுத்துப் பாத்தாதாம்மா தெரியும்" என்றார் அறுவை டாக்டர்.

வலது நுரையீரலின் மேல்பகுதியை எடுத்தார்கள். அதன் துண்டு பரிசோதனைக்குப் போனது. புற்றுக்கட்டியென்றால் நாட்கள் குறைவு. காசநோயென்றால் மறுபடி அதே கொட்டகை. முடிவு வர ஒன்பது நாள். அந்த நாட்களில் அடுத்த மூச்சைத் தவிர வேறெதையும் நான் எதிர்பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள், திசுவைப் பார்க்கும் பெண் டாக்டரே வார்டுக்கு வந்தார். அம்மாவுக்குத் தெலுங்கு என்றால் சுலபம் என்று, "லோபல பூஜு பட்டிந்தம்மா" என்றார்.

உள்ளே பூஜு பிடித்திருக்கிறதாம். பூஜு என்றால் பூசணம். ஒட்டடைக்கும் எங்கள் வீட்டில் அதே சொல்தான். அம்மாவுக்கு ஒட்டடைதான் கேட்டது.

"அமாவாசைக்கு அமாவாசை வீடு முச்சூடும் ஒட்டடை அடிக்கிறவ நானு!" பாதி தமிழும் பாதி தெலுங்குமாக அம்மா அழுதார். "எம்பொண்ணு நெஞ்சுல எப்படிம்மா கட்டும்?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒட்டடை இல்லம்மா. ஊறுகாய்ல பூக்குமே, அது. கட்டியும் இல்ல, டி.பி. கிருமியும் இல்ல."

"நான் பாக்கலாங்களா?" என்றேன்.

"மாடி ஏறணுமே?"

"ஏறுவேங்க."

ஐந்து இடத்தில் நின்று ஏறினேன். மைக்ராஸ்கோப்பில் முதலில் என் கண்ணிமை முடிதான் தெரிந்தது. பிறகு, சாயம் ஏறிய செவ்வூதா இழைகள். மூங்கில் கணுப்போல் இடையிடையே குறுக்குச் சுவர். கிளைகள் கவட்டைக் குச்சிபோல் குறுகிய கோணத்தில் பிரிந்தன.

"வேற ஒரு பூசணம் நாடா மாதிரி அகலமா, கணு இல்லாம, நேர்குறுக்கா கிளைக்கும்" என்றார் டாக்டர். "உருவத்த வச்சு எந்த வகைன்னு சொல்லலாம். வளத்துப் பாத்தாதான் பேர் உறுதி. எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாது. ஆனா மக்குன வைக்கோல் தாள்ல இது இருக்கும்; நீ சொன்ன அந்தக் கொட்டகையில இனி படுக்காதே."

கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன்: "நீ சொன்னதுதாம்மா. ஒட்டடை மாதிரிதான் இருக்குது."

டாக்டர் சொன்ன காசநோய்தான் என்று நின்ற மாமா பாதி சரி. பழைய நோய் விட்ட பொந்தில்தான் இது குடியேறியிருந்தது. இதை வாசிக்கும் உங்களுக்கு ஊசி போட்டும் ரத்தம் நிற்கவில்லையென்றால், ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். சளிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதென்று கேளுங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

எடுத்த இடம் காலியாக இருக்காதாம். மிச்ச நுரையீரல் விரிந்து அதை நிரப்பிக்கொள்ளும் என்றார்கள். வலப்பக்கம் திரும்பிப் படுக்கும்போது அது நடப்பதாக நினைத்துக்கொள்கிறேன். கடிகாரத்தை அதிகம் பார்ப்பதில்லை. எத்தனை படி ஏறி எங்கே நின்றேன் என்பதில்தான் என் நாள் போகிறது.

சோதனைக்கூடப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறேன். அந்த விண்ணப்பத்தில், 'முன்பு நுரையீரல் நோய் உண்டா?' என்று ஒரு கேள்வி. 'உண்டு. காசநோய், ஆறியது. பூசணம், எடுத்தாகிவிட்டது' என்று எழுதினேன். விண்ணப்பிப்பதை மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஓசூர் தபாலாபீசுக்கு ஆறு படி. நிற்காமல் ஏறினேன். விண்ணப்பத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு இறங்கினேன்.